தொட்டில் கால் கடைய ஒரு பெட்: டியூப் ஏன் முதுகு தூக்கியது

அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் பங்குனிக் கடைசியில் திருநெல்வேலிப் பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்குத் தேடி வந்தார். சொப்புச் சாமான் செய்கிறவர். அம்மி, உரல், குடம், குத்துவிளக்கு எல்லாம் பெருவிரல் உயரத்துக்குக் கடைவார். சுழல்கிற கட்டையில் அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார். உராய்கிற சூட்டிலேயே அரக்கு உருகிக் கட்டையில் ஏறிக்கொள்ளும். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

"தம்பி, சொப்புக்கு எங்கிட்ட இருக்க மிஷினு போதும். இப்பம் தொட்டில் கால் கேக்காங்க. ரெண்டரை அடி நீளம் வரும். அதுக்கு ஒரு நீள பெட் போட்டுத் தாங்க. குத்தாலத்துல சாரல் விழுகதுக்குள்ள கைக்கு வந்துரணும்" என்றார்.

கட்டையைப் பிடித்துச் சுழற்றும் ஹெட் ஸ்டாக், மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் இரண்டும் பழையதாக அவரிடமே இருந்தன. நான் செய்ய வேண்டியது அவை உட்காரும் நீளமான அடித்தளம், அதாவது பெட் மட்டும். வார்ப்பு பெட்டுக்கு அவர் கையில் காசில்லை. அதனால் 80-க்கு 40 மி.மீ. நீள்சதுர இரும்பு டியூப், 4 மி.மீ. கனம், 1500 மி.மீ. நீளத்தில் இரண்டு. 40 முகம் மேலே இருக்கும்படி நிறுத்தி, நடுவில் 50 மி.மீ. இடைவெளி விட்டு, அடியில் ஐந்து குறுக்குப் பட்டை வைத்துப் பற்றவைத்துவிட்டால் பெட் தயார் என்று கணக்குப் போட்டேன். 6 மீட்டர் டியூப் ஒன்று வாங்கினேன். பாதி இந்த வேலைக்கு, மீதி மூன்று மீட்டர் சுவரோரம் சாய்ந்து நின்றது. பின்னால் அந்த மீதிதான் என்னைக் காப்பாற்றியது.

டியூபின் மேல்முகம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் டெயில் ஸ்டாக் வழுக்கி ஓடும் அளவுக்குத் தட்டையாக இருக்காது. நடுவில் கொஞ்சம் குழிந்திருக்கும், ஓரம் உருண்டிருக்கும். அதனால் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிளேனர் (இரும்பின் முகத்தைத் தட்டையாகச் சீவும் மிஷின்) வைத்திருக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டு டியூபிலும் மேல்முகத்தை 0.8 மி.மீ. சீவிக்கொண்டு வந்தேன். பிறகு என் பட்டறையில் கவிழ்த்துப் போட்டு அடிப்பட்டைகளைப் பற்றவைத்தேன். அதாவது, முதலில் சீவினேன், அப்புறம் பற்றவைத்தேன். இந்தப் பதிவை எழுத வைத்ததே அந்த வரிசைதான்.

பற்றவைத்து ஆறிய பிறகு நிமிர்த்திப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையிலிருந்து பார்த்தபோதே தெரிந்தது: நடு மேலே எழும்பியிருக்கிறது. எவ்வளவு என்று அளந்தாக வேண்டும்.

அளந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 0.5 மி.மீ. தூண்டில் நரம்பு ஒன்று. பெட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்தேன். சீவிய முகத்தின் இரண்டு முனையிலும் 5 மி.மீ. தகடு ஒவ்வொன்று வைத்து, அதன்மேல் நரம்பை விண்ணென்று இழுத்துக் கட்டினேன். படுக்கவைப்பது ஏனென்றால், நிமிர்த்தி வைத்து நரம்பு கட்டினால் நரம்பின் சொந்தத் தொய்வு அளவில் சேர்ந்துவிடும். படுக்கவைத்தால் தொய்வு வேறு திசைக்குப் போய்விடும், அளவைக் கெடுக்காது. நடுவில் நரம்புக்கும் முகத்துக்கும் இடையே தகடுகளை அடுக்கிச் செருகிப் பார்த்தேன். 5 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 3.5 தான் நுழைந்தது. ஆக, 1.5 மி.மீ. முதுகு.

ஒன்றரை மி.மீ. ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். சொப்புக்கு இல்லை. ஹெட் ஸ்டாக்கிலிருந்து 150 மி.மீ. தள்ளி டெயில் ஸ்டாக்கை நிறுத்தினால் இந்த வளைவால் இரண்டு முனைக்கும் வரும் வித்தியாசம் 0.06 மி.மீ. தான். மரத்தில் அது தெரியவே தெரியாது. ஆனால் வளைவின் பிழை தூரத்தின் வர்க்கமாக ஏறும். தொட்டில் காலுக்கு 750 மி.மீ. தள்ளி நிறுத்தினால் டெயில் ஸ்டாக் முனை அச்சுக்கு 1.5 மி.மீ. கீழே போய்விடும். மொத்த பெட்டும் அந்த நீளத்துக்காகவே செய்தது. சின்ன வேலைக்குச் சரியாக இருந்து, எதற்காகச் செய்தோமோ அதற்குத் தப்பாக இருந்தால் அதைக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது?

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 50 மி.மீ. இடைவெளிக்கு நான் வைத்திருந்த இரும்பு ஸ்பேசர் கட்டை ஆறிய பிறகு வெளியே வரவில்லை. சுத்தியலால் தட்டித்தான் எடுத்தேன். அளந்தால் நடுவில் 49.2. குறுக்குப் பட்டைகள் இரண்டு டியூபையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுத்திருக்கின்றன.

பிளேனர் பட்டறையில் ஒரு பெரியவர் இருக்கிறார், முப்பது வருசத்துக்கு மேல் அந்த மேசையிலேயே நின்றவர். மறுநாள் அவரிடம் போய்ச் சொன்னேன். "நீங்க சீவக் கொண்டாரும்போதே கேக்கணும்னு நினைச்சேன், இன்னும் வெல்டிங் இருக்கான்னு. டியூப்ப மேல மட்டும் சீவுனா முதுகு தூக்கத்தான செய்யும். அதுக்கு மேல அடியில பத்தவச்சா இன்னும் தூக்கும். ரெண்டும் ஒரே பக்கம்லா" என்றார். உண்மையில் அவர் சொன்ன அந்த நாலு வாக்கியத்திலேயே முழு விஷயமும் இருந்தது. ஏன் என்று எனக்கே விளங்க வேண்டும் என்பதால் ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன்.

முதலில் சீவுவதால் வரும் வளைவு. கடையில் வாங்கும்போது டியூப் அமைதியாகக் கிடக்கிறது, அதனால் உள்ளே ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம். அது எப்படிச் செய்யப்பட்டது என்று யோசித்தால் வேறு மாதிரி தெரியும். சுருளாக வரும் தகட்டை விரித்து, உருளைகளுக்கு நடுவே விட்டு, சூடாக்காமலே கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து உருண்டையாக்குகிறார்கள். சேரும் இரண்டு ஓரத்தையும் மின்சாரத்தால் சிவக்கச் சூடாக்கி ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டுகிறார்கள். அதன்பிறகு அந்த உருண்டையை இன்னும் சில உருளைகளில் நசுக்கிச் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ ஆக்குகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் இரும்பு திரும்பிப் போகப் பார்க்கும். பக்கத்து இரும்பு விடாது. கடைசியில் சுவரின் வெளித்தோல் இழுபட்ட நிலையிலும் உள்தோல் நசுங்கிய நிலையிலும் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். இரண்டும் சமமாக இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது.

இதை நம்பாமல் ஒரு துண்டு டியூபில் செய்து பார்த்தேன். பழைய கழிவு, அதே 4 மி.மீ. கனம். ஒரு முகத்தில் விரல் அகலத்துக்கு இரண்டு கோடு, 300 மி.மீ. நீளத்துக்கு, மெல்லிய கட்டிங் வீலால் அறுத்தேன். சூடு ஏறாமல் விட்டு விட்டு அறுக்க வேண்டும். பிறகு ஒரு முனையைக் குறுக்கே அறுத்து விடுவித்தேன். வீல் கடைசி மில்லியைத் தாண்டிய கணத்தில் அந்தப் பட்டை 'டிக்' என்று வெளிப்பக்கமாக எழும்பியது. ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு. யாரும் அதைத் தொடவில்லை, நெம்பவில்லை. வெளித்தோல் சுருங்கப் பார்த்தது, உள்தோல் நீளப் பார்த்தது, விட்டவுடன் இரண்டும் நினைத்ததைச் செய்துகொண்டன. அந்தத் துண்டை இன்னும் சன்னல் மேல் வைத்திருக்கிறேன். பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

இப்போது பிளேனர் என்ன செய்தது என்று பாருங்கள். இழுபட்டு நின்ற வெளித்தோலை மேல்முகத்தில் மட்டும் 0.8 மி.மீ. எடுத்துவிட்டது. இழுத்துக்கொண்டிருந்தவன் போய்விட்டான், நசுங்கி நின்ற உள்பக்கம் மிச்சம். அது கொஞ்சம் நீண்டுகொள்கிறது. மேல்முகம் நீண்டால் டியூப் மேல்நோக்கி முதுகு தூக்கும். அப்போதே அளந்து குறித்துவைத்திருந்த தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன்: ஒரு டியூபில் 0.35, இன்னொன்றில் 0.1. 'பரவாயில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

ஒரே 6 மீட்டரில் அறுத்த இரண்டு துண்டு, ஒரே மேசையில் ஒரே ஆழத்துக்குச் சீவியது. ஏன் இந்த வித்தியாசம்? டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். ஓரம் ஒட்டிய ஜாயிண்ட் வெளியே மழுக்கப்பட்டிருக்கும், தெரியாது. ஆனால் உள்ளே விரலை விட்டுத் தடவினால் வயல் வரப்பு மாதிரி ஒரு மெல்லிய மேடு தட்டுப்படும். எங்கள் டியூபில் அது 40 முகத்தில் இருந்தது. 0.35 தூக்கிய துண்டில் ஜாயிண்ட் மேலே, 0.1 தூக்கிய துண்டில் ஜாயிண்ட் கீழே. நான் பார்க்காமல் ஒன்றைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். ஜாயிண்ட் இருக்கும் முகம் சூடாகி ஆறிய முகம், மற்ற மூன்றையும்விட அதிக இழுப்பில் நிற்கும். அந்த முகத்தைச் சீவினால் விடுபடுவதும் அதிகம்.

சீவும்போது வேறொரு வழியிலும் ஏமாறலாம். டியூப் முன்பே லேசாக வளைந்திருந்தால், மேசையில் வைத்து கிளாம்பை முறுக்கும்போது அது நேராகிவிடும். நேரான நிலையில் நேராகச் சீவுவோம். கிளாம்பைத் தளர்த்தினால் பழைய வளைவுக்குத் திரும்பும், சீவிய முகமும் கூடவே வளையும். மெல்லிய சுவருள்ள டியூபைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்தால் மேல்முகம் நடுவில் உப்பும். உப்பலைச் சீவிவிட்டுத் தளர்த்தினால் அந்த இடம் குழியாக நிற்கும். அடியில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே மெல்லிய தகடு செருகி, டியூப் தன் இயல்பில் உட்கார்ந்த பிறகுதான் கிளாம்ப் போட வேண்டும்.

இனி வெல்டிங். முக்கால்வாசி வளைவு இதில்தான் வந்தது.

இரும்பு ஒரு மீட்டர் நீளம், 100 டிகிரி சூடேறினால் 1.2 மி.மீ. நீளும், ஆறினால் அதே அளவு சுருங்கும். முழுத் துண்டும் ஒன்றாகச் சூடேறி ஒன்றாக ஆறினால் ஒரு வளைவும் வராது. பற்றவைக்கும்போது நடப்பது அதுவல்ல. வெல்டிங் ராடு முனையில் இரும்பு உருகுகிறது, அது 1500 டிகிரி சமாசாரம். நாலு விரல்கடை தள்ளி கை வைக்கிற சூடுதான் இருக்கும். சூடான இடம் நீளப் பார்க்கிறது, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு இடம் கொடுப்பதில்லை. நீள முடியாத இரும்பு தனக்குள்ளேயே நசுங்குகிறது.

எவ்வளவு சூட்டில் நசுங்கத் தொடங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சதுர, நீள்சதுர டியூபுகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4923-இல் 210, 240, 310 என்று தரங்கள் உண்டு. இரும்பு நிரந்தரமாக நீளவோ நசுங்கவோ தொடங்கும் அழுத்தத்தைக் குறிக்கும் எண்கள் அவை, மெகாபாஸ்கலில். இரண்டு முனையும் அசையாதபடி பிடித்த இரும்பை 90 முதல் 130 டிகிரி வரை கூடுதலாகச் சூடாக்கினாலே அந்த எல்லை வந்துவிடுகிறது. தோசைக்கல் அதைவிடச் சூடாக இருக்கும். சூடு ஏற ஏற இரும்பின் பலமும் குறைந்துகொண்டே போகும். 600 டிகிரியில் பாதிகூடத் தேறாது. அப்படியானால் வெல்டைச் சுற்றியுள்ள ஒரு பட்டை அகலம் முழுக்க நசுங்கிக் குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். ஆறும்போது அந்தக் குட்டையான அளவிலிருந்து இன்னும் சுருங்குகிறது. இப்போது சுற்றியுள்ள இரும்பை அது இழுக்கிறது. வெல்ட் இருக்கும் பக்கம் குட்டையாகும், டியூப் அந்தப் பக்கம் குழிந்து வளையும்.

எங்கள் பெட்டில் வெல்ட் எல்லாம் அடியில். அடி குட்டையானால் மேலே முதுகு. பெரியவர் சொன்ன 'ரெண்டும் ஒரே பக்கம்' இதுதான். எவ்வளவு குட்டையாகியிருக்க வேண்டும்? 80 மி.மீ. உயரம், 1500 நீளம், 1.5 வளைவு: மேல்முகத்துக்கும் கீழ்முகத்துக்கும் நீள வித்தியாசம் மொத்தமே 0.64 மி.மீ. ஐந்து பட்டை, பட்டைக்கு இரண்டு ஓரம், ஒரு டியூபுக்குப் பத்து வெல்ட். ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை இழுத்தாலே கணக்கு முடிந்தது.

நான் போட்ட வெல்டும் தேவைக்கு அதிகம். 3.15 மி.மீ. ராடில், மூலையின் ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. ஏறும் வெல்ட். பட்டை பெயர்ந்துவிடக் கூடாது என்ற கவலை. 6 மி.மீ. வெல்டில் ஊற்றும் இரும்பு 3 மி.மீ. வெல்டில் ஊற்றுவதைப்போல் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. சூடும் அதற்குத் தக்கபடி ஏறும். 4 மி.மீ. சுவருக்கு 3 மி.மீ. வெல்ட் தாராளம்.

இடையில் ஒரு நாள் என்னை நன்றாகவே குழப்பிவிட்டது. சித்திரை வெயில். பட்டறைக்குள் புகை அடைந்திருந்ததால் பெட்டை வெளியே எடுத்துப்போட்டு முற்பகல் பதினோரு மணிக்கு அளந்தேன். முந்தின நாள் 1.5 இருந்தது 1.9 காட்டியது. இன்னும் வளைந்துகொண்டே போகிறதா என்று பதறிவிட்டேன். சாயங்காலம் உள்ளே அளந்தால் பழையபடி 1.5. வேறொன்றும் இல்லை: மேல்முகம் வெயிலில் காய்ந்தது, அடிமுகம் நிழலில் இருந்தது. இரண்டுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தாலே இந்த நீளத்துக்கு 0.4 மி.மீ. வளையும். நம் ஊர் வெயிலில் 10 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அன்றிலிருந்து விடிகாலையிலோ விளக்கு வைக்கும் நேரத்திலோதான் அளக்கிறேன். பிளேனரில் சீவியதும் கையோடு அளப்பதையும் விட்டுவிட்டேன், சீவின சூடும் இதே வேலையைச் செய்யும்.

வெயில் என்றதும் நினைவுக்கு வருகிறது. வெல்ட் பண்ணிய சாமானை ஒரு மாதம் வெயிலில் போட்டால் இழுப்பு தானாக அடங்கிவிடும் என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. டியூபுக்கு அது நடக்காது. உள்ளே பூட்டியிருக்கும் இழுப்பு தளர வேண்டுமென்றால் முழுத் துண்டையும் 550 முதல் 650 டிகிரிக்குச் சீராகச் சூடாக்கி, கனத்துக்கு ஏற்ற நேரம் நிறுத்தி, உலைக்குள்ளேயே மெதுவாக ஆறவிட வேண்டும். ஐந்தடி நீளம் படுக்கும் உலை என் கைக்கெட்டிய இடத்தில் இல்லை. கரிக்குழி தோண்டிச் சூடாக்கலாமா என்று பையன் கேட்டான். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் கம்மி என்று சூடேறினால் இருக்கும் கோணலோடு புதுக் கோணல் சேரும், வேண்டாம் என்றேன்.

உலை இல்லாவிட்டால் வரிசையை மாற்றுவதுதான் வழி. சுவரோரம் நின்ற மூன்று மீட்டரை எடுத்தேன்.

இந்த முறை அறுத்தவுடனே விரல் விட்டுத் தடவி, ஜாயிண்ட் இருக்கும் முகத்தில் சாக்பீஸால் 'அடி' என்று எழுதினேன், இரண்டிலும். சீவவில்லை. முதலில் பற்றவைப்பு. ஐந்து குறுக்குப் பட்டையில் இரண்டு முனையில் உள்ளவற்றை மட்டும் பற்றவைப்பது, நடுவில் உள்ள மூன்றையும் போல்ட் போட்டு முறுக்குவது என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும் பற்றவைத்தால்தான் உறுதி என்ற எண்ணம் கையில் ஊறிப்போய்விட்டது. கடைசல் வேலையின் அதிர்ச்சிக்கு நல்ல போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும் போதும். ஹெட் ஸ்டாக் நிற்கிற பக்கம் மட்டும் அதிர்வு அதிகம் என்பதால் அங்கே கூடுதலாக ஒரு பட்டை வைத்துப் பற்றவைத்தேன். ஆக வெல்ட் மூன்று பட்டைக்கு மட்டும்.

பட்டறையில் ஒரு பழைய ஐ பீம் கிடக்கிறது, கனமானது, நேரானது. இரண்டு டியூபையும் அதன்மேல் கவிழ்த்து வைத்து, நடுவில் 3 மி.மீ. தகடு கொடுத்து, இரண்டு முனையையும் சி கிளாம்ப் போட்டுக் கீழே இழுத்துப் பிடித்தேன். வெல்ட் எந்தப் பக்கம் இழுக்குமோ அதற்கு எதிர்ப்பக்கம் முன்கூட்டியே வளைத்து வைப்பது. 3 மி.மீ. என்பது இந்த டியூபுக்கு நிரந்தரமாக வளைகிற அளவு இல்லை, விட்டால் திரும்பி வந்துவிடும். இடைவெளிக்கு 50-க்குப் பதில் 50.5 ஸ்பேசர், இழுத்துக்கொள்ளட்டும் என்று.

2.5 ராடு, 75 ஆம்பியர். முதலில் எல்லா மூலையிலும் டேக், அதாவது பிடித்து நிற்க ஒரு சின்னப் பொட்டு வெல்ட் மட்டும். பிறகு ஒரு முனையில் ஒரு தையல் (சின்ன நீள வெல்ட்), அடுத்தது எதிர் முனையில், அடுத்தது பக்கத்து டியூபில். ஒரு தையல் போட்ட இடத்தில் புறங்கை வைக்க முடியும்வரை அங்கே திரும்பப் போகவில்லை. இதில் பொறுமைதான் வேலை. அரை மணியில் முடிகிற வெல்டிங் மத்தியானம்வரை இழுத்தது. நடுவில் பையன் ஈரச் சாக்கு கொண்டுவந்தான், போட்டால் சீக்கிரம் ஆறும் என்று. வேண்டாம் என்றேன். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் அதுவும் ஒரு இழுப்புதான்.

ராத்திரி முழுக்க கிளாம்போடு விட்டு, விடிகாலையில் தளர்த்தி நரம்பு கட்டினேன். 0.3 மி.மீ. முதுகு. இடைவெளி நடுவில் 50.2. அந்த இடைவெளிக்குள் ஓடும் டெயில் ஸ்டாக்கின் நாக்கு தடையில்லாமல் போனது.

0.3-ஐ அப்படியே பிளேனரில் சீவி எடுத்துவிடலாம்தான். ஆனால் நடுவில் அதிகமும் ஓரத்தில் கம்மியுமாகச் சீவ வேண்டிவரும், நடுச்சுவர் மெலியும், விடுபடும் இழுப்பும் சீராக இருக்காது. அதனால் காஸ் டார்ச்சை எடுத்தேன். வெல்ட் எந்த வழியில் வளைத்ததோ அதே வழியில் திருப்புவது. முதுகு தூக்கிய மேல்முகத்தில், நடுப்பகுதியில், குறுக்காக 20 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் சூடாக்கினேன். நிழலில் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரிய வேண்டும், அவ்வளவுதான். பளிச்சென்று செந்நிறம் ஏறினால் அதிகம். சூடேற்றும்போது முதுகு இன்னும் தூக்கும், பயந்து டார்ச்சை எடுத்துவிடக் கூடாது. சூடான இடம் நசுங்கி, ஆறும்போது சுருங்கி, மேல்முகத்தைக் குட்டையாக்கும். ஒரு டியூபுக்கு ஒரு பட்டை. கை வைக்கிற அளவுக்கு ஆறிய பிறகு அளந்தேன்: 0.1. அதோடு நிறுத்திக்கொண்டேன். இதில் ஆசைப்பட்டு இன்னொரு பட்டை போட்டால் மறுபக்கம் போய்விடும், அதைத் திருப்புவது அடியில் வெல்டுகளுக்கு நடுவே செய்ய வேண்டிய வேலை.

அதற்கப்புறம்தான் பிளேனர். முழு பெட்டையும் ஒரே துண்டாக மேசையில் ஏற்றினோம். பெரியவர் அடியில் எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்து, பிளேடு கனத் தகடுகளைச் செருகி, கிளாம்பை முறுக்கும்போது பக்கத்தில் டயல் கேஜை வைத்து முள் நகராமல் பார்த்துக்கொண்டார். முதல் ஓட்டம் 0.3. பிறகு எல்லாக் கிளாம்பையும் தளர்த்திவிட்டு டீ குடிக்கப் போனோம். "அது மூச்சு விடட்டும்" என்றார். திரும்பி வந்து மறுபடி தகடு செருகி, லேசாகப் பிடித்து, கடைசி ஓட்டம் 0.1. சீவி எடுத்தது மொத்தம் 0.4, முதல் பெட்டில் பாதி. மறுநாள் காலை நரம்பில் 0.05-க்கு மேல் எங்கும் இல்லை. மரக் கடைசலுக்கு இது தேவைக்கு மேலேயே நேர்.

இதெல்லாம் எதற்கு, மேலே தனியாக ஒரு பிரைட் பட்டையை (கடையில் கிடைக்கும் வழவழப்பான இரும்புப் பட்டை) போல்ட் போட்டு மாட்டினால் சீவவே வேண்டாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல யோசனை, சீவாதவரைக்கும். பிரைட் பட்டையும் குளிர்ந்த நிலையில் இழுத்துச் செய்ததுதான். ஒரு பக்கம் மட்டும் ஒரு மில்லி சீவிப் பார்த்தால் அதுவும் வளையும். அப்படிச் சீவியே ஆக வேண்டுமானால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும், அல்லது சூடாக உருட்டிய கறுப்புப் பட்டையில் செய்ய வேண்டும்.

வைகாசிக் கடைசியில் பெட்டை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக அம்பாசமுத்திரம் போனேன். அண்ணாச்சி ஹெட் ஸ்டாக்கைத் தானே ஏற்றி முறுக்கினார். டெயில் ஸ்டாக்கை முனையோடு முனை முட்டவைத்துப் பார்த்தார். பிறகு அதைக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போனார், திரும்ப இழுத்துக்கொண்டு வந்தார், எங்கேயாவது பிடிக்கிறதா என்று உள்ளங்கையால் உணர்ந்துகொண்டே. ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தொட்டில் கால் கட்டையை மாட்டி, உளியை வைத்தார். சிராய் ரிப்பன் மாதிரிச் சுருண்டு விழுந்தது. ரெண்டரை அடிக்கும் ஒரே சத்தம்.

"அந்த மொத பெட்ட என்ன செஞ்சிய?" என்று கேட்டார்.

அது என் பட்டறையில்தான் கிடந்தது. அதை நடுவில் அறுத்தால் பாதி நீளத்தில் வளைவு பாதி இல்லை, கால்வாசி ஆகிவிடும்: 1.5 இருந்தது 0.37-க்கு வந்துவிடும். இரண்டு குட்டி பெட் கிடைக்கும், ஒவ்வொன்றும் சொப்புக் கடைய ஏற்றது. சொன்னேன். மருமகன் ஒருவன் வேலை பழகிக்கொண்டிருக்கிறான், ஒன்றை அவனுக்குப் போட்டுத் தரச் சொன்னார். அறுத்து, நரம்பு கட்டிப் பார்த்தேன், 0.4 காட்டியது. டார்ச் பட்டை ஒன்று போட்டு ஆறவைத்திருக்கிறேன். நாளை விடிகாலையில் அளக்க வேண்டும்.